பங்குனி நிலவும் பாஸ்கா ஞாயிறும்: சேலம், நாமக்கல் சமவெளியில் திருவழிபாட்டு ஆண்டு வேர்விட்ட வரலாறு

கிறிஸ்தவத் திருவழிபாட்டு ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறன்று, நம் கணக்கில் கார்த்திகை நடுவில், திருவருகைக் காலத்தோடு அது தொடங்குகிறது. சேலம், நாமக்கல் பக்கத்தில் அன்று யாரும் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொள்வதில்லை. குருவானவரின் பூசை உடை பச்சையிலிருந்து ஊதாவுக்கு மாறியிருப்பதைக் கவனிப்பவர்களே குறைவு. இரண்டு, மூன்று மாதம் கழித்து வரும் சாம்பல் புதனின் கதை வேறு. வேலைநாளாக இருந்தாலும் கோவில் நிரம்பும். அன்று தொடங்கிப் பாஸ்கா வரை கவுச்சி அடுப்பேறாத வீடுகள் உண்டு. கல்யாணப் பேச்சு இருந்தால் அது தானாகவே உயிர்ப்பு ஞாயிறுக்கு அப்பால் தள்ளிப்போகும்.

ஒரே ஆண்டில் இரண்டு ஆயத்தக் காலங்கள். ஒன்று வீட்டுக்குள் குடியேறிவிட்டது. மற்றது வழிபாட்டுப் புத்தகத்தோடு நின்றுவிட்டது. இந்த வேறுபாட்டை இறைப்பற்றின் ஏற்ற இறக்கமாக விளக்குவது எளிது. ஆனால் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. நோன்போடு வந்த காலம் இந்த மண்ணில் நிலைத்தது. நோன்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்த காலம் நிலைக்கவில்லை. இதை ஆராய இந்தச் சமவெளி வசதியான களம். 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்த பிறகு, சேலம் மறைமாவட்டத்தின் எல்லை ஏறக்குறைய சேலம், நாமக்கல் என்ற இரண்டு வருவாய் மாவட்டங்களின் எல்லையேதான். இங்கே கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய சமூகம் தன் நாட்காட்டியைப் பெரும்பான்மையின் நாட்காட்டிக்குள் வைத்துத்தான் வாழ முடியும்.

உருவான வரிசை

உலகத் திருச்சபையிலும் காலங்கள் ஒரே நாளில் உருவானவை அல்ல. முதலில் இருந்தது ஞாயிறு. அடுத்து வந்தது ஆண்டுக்கொரு முறை பாஸ்கா. அதன் நாளை எல்லாச் சபைகளும் ஒன்றுபோலக் கொண்டாட வேண்டும் என்று 325-இல் நீசேயா சங்கம் முடிவெடுத்தது. பாஸ்காவுக்கு முந்தைய 40 நாள் நோன்பு அதே நூற்றாண்டில் பரவலானது. டிசம்பர் 25 பிறப்பு விழாவாக உரோமையில் நிலைபெற்றதும் நான்காம் நூற்றாண்டில்தான். திருவருகைக் காலம் கடைசியாக வந்தது. கால் நாட்டில், இன்றைய பிரான்சில், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் தூர் நகர ஆயர் பெர்ப்பெத்துவுஸ் நவம்பரில் மார்ட்டின் திருநாள் தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை வாரம் மூன்று நாள் நோன்பு விதித்ததிலிருந்து அதன் தடம் தெரிகிறது. பிற்காலத்தில் உரோமை அதை நான்கு ஞாயிறுகளாகச் சுருக்கியது. நாளடைவில் நோன்பும் தேய்ந்தது. ஐரோப்பியக் கப்பல்களில் தென்னாட்டுக்கு வந்து இறங்கியபோது திருவருகைக் காலம் ஊதா நிறமும் சில வாசகங்களுமாக மெலிந்திருந்தது. தவக்காலமோ கடும் நோன்போடு முழுசாக வந்தது.

சேந்தமங்கலம், 1623

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி என்ற தத்துவ போதகர் சந்நியாசிக் கோலம் பூண்டதும், அதனால் கோவாவில் எழுந்த வழக்கும் பலரும் அறிந்தவை. பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைக் கிறிஸ்தவர்கள் நிபந்தனையோடு கைக்கொள்ளலாம் என்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரி தீர்ப்பளித்தது 1623 ஜனவரி 31. அதே ஆண்டில் நொபிலி மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சிராப்பள்ளி வழியாக இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையாக வரவேற்றார். அடுத்துச் சேலம். அங்கே முதலில் தங்க இடம்கூடக் கிடைக்கவில்லை. பிறகு நிலைமை மாறியது. ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் அடுத்த சில ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றார். சேலத்தை அடுத்த மோரமங்கலம் ஒரு மறைப்பணி மையமானது.

நாட்காட்டி பற்றிய ஆய்வுக்கு இந்தப் பயணம் ஏன் முக்கியம்? நொபிலியின் அணுகுமுறை பண்டிகைகளையும் தொட்டது. பொங்கலை அவர் விலக்கவில்லை. புதுப்பானையில் பாலும் அரிசியும் இட்டுச் சிலுவையின் அடியில் பொங்கிக்கொள்ள அனுமதித்தார். தை முதல் நாள் திருக்காட்சி விழாவான ஜனவரி 6-ஐ ஒட்டி வருகிறது. உரோமை நாட்காட்டியில் பொங்கலுக்கு இடமே இல்லை. ஆனாலும் இப்படிச் சிலுவையடியில் இடம் பெற்ற பொங்கல், இன்று தமிழ்நாட்டுப் பங்குகளில் சர்க்கரைப் பொங்கலும் கரும்புமாகக் கோவில் முற்றத்திலேயே கொண்டாடப்படுகிறது. தமிழ்க் கிறிஸ்தவ ஆண்டின் முதல் உள்ளூர்ச் சேர்க்கை இதுதான் என்பது என் கருத்து.

அன்றைய நடைமுறையையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு குருவின் பொறுப்பில் பல நாள் நடைத் தூரம் அளவுக்குப் பரந்த நாடு. பெரும்பாலான ஊர்களில் ஞாயிறு தோறும் பூசை கிடையாது. உபதேசியார் செபம் சொல்லிவைப்பார்; சாமியார் வரும் நாளே திருநாள். இப்படிப்பட்ட ஊரில் 52 ஞாயிறுகளின் வாசகச் சுழற்சி என்பது யாருக்கும் தெரியாத ஒன்று. குரு இல்லாமலே, ஒவ்வொரு வீட்டிலும் தன்னால் நடக்கக்கூடிய ஒரே காலம் நோன்புக்காலம். பட்டினி கிடக்கப் பூசைப் புத்தகம் வேண்டாம். இந்த எளிய உண்மையைத் திருவழிபாட்டு வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

ஒருசந்தியும் விலக்கப்பட்ட காலமும்

பழைய தமிழ் ஞானோபதேசத்தில் திருச்சபைக் கட்டளைகள் ஆறு. அவற்றைப் படிக்கையில் ஒன்று தெரியும்: அவை ஒரு நாட்காட்டியின் சுருக்கம். ஞாயிறும் கடன் திருநாளும் பூசை காண வேண்டும். ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பாஸ்குக் காலத்தில் நற்கருணை வாங்க வேண்டும். குறித்த நாட்களில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காக்க வேண்டும். விலக்கப்பட்ட காலத்தில் கல்யாணம் கூடாது. எழுத்தறியாத பாட்டிக்கும் இவை மனப்பாடம். ஆண்டு முழுவதற்குமான இறையியல் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஒருசந்தி என்பது பகலில் ஒரு வேளை மட்டும் உண்பது. சுத்தபோசனம் என்பது மாமிசம் விலக்கிய உணவு. இரண்டும் சுற்றியிருந்த இந்துச் சமூகத்துக்கும் புரிந்த பழக்கங்கள். கார்த்திகைச் சோமவாரத்துக்கும் சஷ்டிக்கும் விரதம் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவரின் ஒருசந்தியைப் பார்த்து வியக்க வேண்டியதில்லை. சாம்பல் புதனை விபூதிப் புதன் என்று சொல்லும் வழக்கமும் தமிழ்க் கத்தோலிக்கரிடம் இருந்தது. நெற்றியில் சாம்பல் இடுவது இந்த நாட்டில் யாருக்கும் புதுமை அல்ல.

கல்யாண விலக்கு இன்னும் சுவையானது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி திருவருகைக் கால முதல் ஞாயிறிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரையும், சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரையும் திருமணத்துக்குரிய பெருமித ஆசீர் தடை செய்யப்பட்டிருந்தது. ஆசீருக்குத்தான் தடை, மணம் முடிக்கவே கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஊர்வழக்கில் அது முழுத் தடையாயிற்று. மார்கழியிலும் ஆடியிலும் முகூர்த்தம் வைக்காத சமூகத்துக்கு நடுவில் வாழ்ந்தவர்களுக்குச் சில மாதங்களை ஒதுக்கிவைப்பது இயல்பாகவே பிடிபட்டது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஊர் எடுக்கவில்லை. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் இன்றும் தவக்காலத்தில் பத்திரிகை அச்சடிப்பவரைக் காண்பது அரிது. அவர்கள் ஆடியில் மணம் முடிக்கத் தயங்குவதையும் பார்க்கலாம். அதற்கு எந்தத் திருச்சபைச் சட்டமும் காரணம் அல்ல.

நிலவுக் கணக்கு

மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு உயிர்ப்பு விழா. அந்த முழுநிலவு வானத்தைப் பார்த்துக் குறிப்பதல்ல, திருச்சபை அட்டவணைப்படி கணித்தது. எனவே உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எங்கும் வரலாம். தமிழ் மாதக் கணக்கில் பங்குனி முதல் வாரத்துக்குப் பின் தொடங்கிச் சித்திரை 12 வாக்கில் முடியும் இடைவெளி இது. சாம்பல் புதன் தை கடைசியிலிருந்து மாசி கடைசிக்குள் விழும்.

இந்தக் கணக்கின் விளைவு, புனித வாரம் பெரும்பாலும் பங்குனி உத்திரத்தை ஒட்டியோ சித்ரா பௌர்ணமியை ஒட்டியோ வருவது. 2024-இல் பங்குனி உத்திரம் மார்ச் 25. பெரிய வெள்ளி மார்ச் 29. 2025-இல் உத்திரம் ஏப்ரல் 11, பெரிய வெள்ளி ஏப்ரல் 18. 2022-இல் மார்ச் 18 அன்றே உத்திரம் வந்துவிட்டது. அந்த நிலவு மார்ச் 21-க்கு முந்தியது என்பதால் திருச்சபை அடுத்த நிலவுக்குக் காத்திருந்தது. ஏப்ரல் 16 சித்ரா பௌர்ணமி, மறுநாள் உயிர்ப்பு. முருகன் கோவிலுக்குக் காவடி எடுப்பவர் விரதத்தில் இருக்கும் நாட்களில்தான் பக்கத்துத் தெருவில் சிலுவைப்பாதை நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது தவறு. கருத்திலும் நோக்கத்திலும் அவை வேறுபட்டவை. ஆனால் இரண்டும் ஒரே நிலவின் பிள்ளைகள். ஆண்டின் இந்தப் பகுதி உடலை ஒறுப்பதற்கு உரியது என்ற உணர்வு மண்ணில் முன்பே இருந்தது.

வெயிலும் துணைக்கு வந்தது. ஐரோப்பாவில் தவக்காலம் பனி உருகித் துளிர் விடும் பருவம். அவர்களுடைய பாடல்களில் வசந்தம் மணக்கும். சேலம் சமவெளியில் அது ஏரி வற்றி, மானாவாரி நிலம் தரிசாகக் கிடந்து, தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கும் நேரம். இங்கே உயிர்ப்பு விழா அக்கினி நட்சத்திரத்துக்கு முன்வாசலில் நிற்கிறது. துளிர்க்கும் இயற்கையை உயிர்ப்பின் அடையாளமாகக் காட்டும் மறையுரை இங்கு எடுபடாது. பாலைநிலத்தில் 40 நாள் என்ற நற்செய்திக் காட்சிக்கோ விளக்கமே தேவையில்லை.

இரண்டு புனித வாரங்கள்

1956 வரை ஊர்க் கோவில்களில் புனித வாரம் இரண்டாக நடந்தது என்று சொல்லலாம். இலத்தீன் சடங்குகள் காலையில் முடிந்துவிடும். பாஸ்காத் திருவிழிப்புகூட இரவில் அல்ல, சனிக்கிழமை காலையில்! மக்களின் புனித வாரம் மாலையில் தொடங்கியது. சிலுவைப்பாதை, ஒப்பாரிச் சாயலில் பாடும் வியாகுலப் பாட்டுகள், பாஸ்கு நாடகம், இயேசுவின் சுரூபத்தைக் கிடத்திச் சுமந்து வரும் தூம்பா பவனி எனத் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அது விரிந்தது. இலங்கையில் உழைத்து 1742-இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வேஸ் இயற்றிய 'வியாகுல பிரசங்கம்' போன்ற நூல்கள் இந்த மாலைகளுக்கு உரம். வீரமாமுனிவர் பெயரில் வழங்கும் நூற்பட்டியலில் 'திருச்சபைக் கணிதம்' என்ற ஒன்று இருப்பதையும் இங்கே நினைவுகூரலாம். காலத்தைக் கணிப்பதும் தமிழில் செய்ய வேண்டிய வேலை என்று அவர்கள் கருதியிருக்கிறார்கள்.

1955 நவம்பரில் 12-ஆம் பத்திநாதர் வெளியிட்ட புனித வாரச் சீர்திருத்தம் 1956 மார்ச் 25, குருத்து ஞாயிறு முதல் நடைமுறைக்கு வந்தது. பெரிய வியாழன் பூசை மாலைக்கும், பெரிய வெள்ளிச் சடங்கு பிற்பகலுக்கும், திருவிழிப்பு இரவுக்கும் மாறின. குருவின் நேரமும் மக்களின் நேரமும் முதன்முறையாக ஒன்றோடொன்று மோதின. ஒரே மாலையில் சடங்கா, பாஸ்கு நாடகமா? பல ஊர்களில் நாடகம் உயிர்ப்புக்குப் பிந்தைய நாட்களுக்கு நகர்ந்தது இந்த நெருக்கடியின் விளைவு என்று ஊகிக்க இடமுண்டு.

அப்போது சேலம் மறைமாவட்டத்துக்கு வயது ஏறக்குறைய 26. 1930 மே 26 அன்று மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் என்ற மூன்று மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 11-ஆம் பத்திநாதர் அதை நிறுவியிருந்தார். முதல் ஆயர் பாரிஸ் மறைபரப்புச் சபையின் ஹென்றி புருனியே. மூன்று வேறு தாய் மறைமாவட்டங்களின் பழக்கங்கள், செபப் புத்தகங்கள், பாட்டு மெட்டுகள் ஒரே ஆயரின் கீழ் வந்தன. இதன் தாக்கம் இன்னும் விரிவாக ஆராயப்பட வேண்டியது.

அடுத்த பெரிய மாற்றத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு. 1966-இல் நோன்புச் சட்டத் தளர்வு, அதன்படி ஒருசந்தி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் மட்டும். 1969-இல் புதிய நாட்காட்டி, மூன்றாண்டு வாசகச் சுழற்சி. தோமையார் திருநாள் டிசம்பர் 21-இலிருந்து ஜூலை 3-க்கு மாறியதும் அப்போதுதான். தமிழ் வழிபாட்டு, மறைக்கல்வி நூல்கள் திண்டிவனத்து நிலையத்திலிருந்து வரத் தொடங்கின. ஆகமன காலம் திருவருகைக் காலமாயிற்று. தபசு காலம் தவக்காலமாயிற்று. சட்டம் இரண்டு நாள் நோன்பு போதும் என்றது. வீடுகள் 40 நாளையும் விடவில்லை. மேலிருந்து தளர்த்தியும் கீழே தளராத பழக்கம் இறக்குமதிச் சரக்காக இருக்க முடியாது.

காலம் இல்லாமல் வந்தவர்கள்

சேலத்துச் சீர்திருத்தச் சபையின் வரலாறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நடந்தது. 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் வழியாக இங்கு பணி தொடங்கிய லண்டன் மிஷனரி சங்கம் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினரைக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிறிஸ்துமஸையே சட்டம் போட்டு நிறுத்திய பியூரிட்டன்கள் அந்த மரபின் முன்னோர். ஞாயிறு ஒன்றே அவர்களுக்கு ஆண்டவரின் நாள். லெந்து எனும் தவக்காலம் உரோமையின் எச்சம்.

கிறிஸ்புக்குப் பிந்திய தலைமுறையில் சேலத்தில் நெடுங்காலம் உழைத்து 1861-இல் மறைந்த லெக்லர் ஜெர்மானியர். திருநெல்வேலியில் ரேனியஸுடன் இருந்தவர். ஆங்கிலிக்கன் சபை முறைகளை ரேனியஸ் வெளிப்படையாக விமர்சித்ததால் 1835-இல் சர்ச் மிஷனரி சங்கத்தோடு எழுந்த முறிவில் அவர் பக்கம் நின்றவர். அப்படிப்பட்டவர் தலைமையில் வளர்ந்த சபையில் பண்டிகை அட்டவணை முக்கியத்துவம் பெறாததில் வியப்பில்லை. நாமக்கல் பக்கத்தில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் இன்னும் கண்டிப்பானது. நொபிலி 1623-இல் வந்த அதே சேந்தமங்கலம் மூன்று நூற்றாண்டு கழித்து அவர்களுடைய நிலையம். அங்கிருந்துதான் அந்த மிஷனின் ஊழியர் ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலை ஏறினார். அவர்கள் போதனையில் தவக்காலத்துக்கும் இடமில்லை, திருவருகைக் காலத்துக்கும் இடமில்லை.

1908-இல் லண்டன் மிஷன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்தபோதும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், ஐக்கிய சபையினர் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. 1950-இல் கோவைத் திருமண்டலம் உருவாகி, சேலம் அதன் கீழ் வந்தது. முதல் பேராயர் ஏ. ஜே. அப்பாசாமி, பக்தி மரபைக் கிறிஸ்தவ இறையியலில் சேர்த்துச் சிந்தித்தவர். 1963-இல் வெளியான பொது வழிபாட்டு நூல் ஆண்டின் ஒவ்வொரு ஞாயிறுக்கும் வாசகங்களை வகுத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் காலம் இல்லாமல் இருந்த சபைக்குக் காலங்கள் அச்சில் வந்தன.

அவற்றில் எது பற்றிக்கொண்டது என்பதே கேள்வி. லெந்து! இன்று சேலத்து சி.எஸ்.ஐ. சபைகளில் லெந்து தியானக் கூட்டங்கள், வீடு வீடாகச் சந்தி ஜெபம், காணிக்கைப் பை, புலால் விலக்கு எல்லாம் உண்டு. பெரிய வெள்ளியன்று ஏழு திருவசனங்களுக்கும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். நாட்காட்டியே வேண்டாம் என்ற பெந்தெகொஸ்தே சபைகளிலும் உபவாச ஜெபம் 21 நாள், 40 நாள் என்று நாள் எண்ணித்தான் நடக்கிறது. இறையியல் எதிர்த்தது, ஊர்ப் பழக்கம் வென்றது.

பொதுக்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வைகாசியிலிருந்து கார்த்திகை வரை நீளும் அந்தப் பச்சை நிற மாதங்கள்தான் இங்கே விவசாய ஆண்டு: மேட்டூர் அணை திறப்பு, ஆடிப்பட்டம், வடகிழக்குப் பருவமழை. வழிபாட்டு நூல் வெறுமையாக விட்ட இடத்தை ஊர் கொடியேற்றங்களாலும் தேர்பவனிகளாலும் நிரப்பிக்கொண்டது. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்திப் பாதயாத்திரை போகிறவர்களிடம் அது 'பொதுக்காலம்' என்று சொன்னால் சிரிப்பார்கள்.

திருவருகைக் காலத்துக்கு வருவோம். நான்கு மெழுகுவத்தி வளையம் ஜெர்மனியின் நீண்ட குளிர்கால இருளில் பிறந்த வழக்கம். அது இங்கே கார்த்திகைத் தீபத்தின் அகல்விளக்கு வரிசைக்கு அருகில் வைக்கப்படுகிறது. போட்டியில் தோற்பதில் ஆச்சரியமில்லை. டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் கட்டி, கேரல் குழு கிளம்பிவிடுவதால் காத்திருத்தல் என்ற உணர்வுக்கே இடமில்லை. இத்தனைக்கும் மார்கழி இந்த நாட்டில் விடியலுக்கு முன் எழுந்து பாடிக் காத்திருக்கும் மாதம். நாமக்கல் முட்டை வியாபாரிகள் ஐயப்பன் மாலைக்காகக் கார்த்திகையில் விற்பனைச் சரிவை எதிர்பார்க்கிறார்கள். அந்த அளவுக்கு நோன்பு காற்றில் இருக்கும் பருவம். தன் பழைய நோன்பைத் திருவருகைக் காலம் இழக்காமல் வந்திருந்தால், தவக்காலத்தைவிட ஆழமாக இங்கே வேர்விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். நொபிலி பொங்கலுக்குக் காட்டிய துணிவை அவருடைய வாரிசுகள் மார்கழிக்குக் காட்டவில்லை. அது அவர்கள் தவறவிட்ட வாய்ப்பு.

இந்த வாதத்தைச் சரிபார்க்கத் தேவையான சான்றுகள் பெருநூலகங்களில் இல்லை. பங்கு அலுவலகங்களின் பழைய அறிவிப்பு ஏடுகளிலும், கல்யாணப் பதிவேடுகளின் தேதிப் பத்தியிலும், சி.எஸ்.ஐ. சபைகளின் அல்மனாக்கு இதழ்களிலும், வியாகுலப் பாட்டு எழுதிவைத்த வீட்டு நோட்டுகளிலும் இருக்கின்றன. கறையான் அரிக்கும் முன் அவற்றைப் படமெடுத்து வைக்குமாறு சேலம், நாமக்கல் பகுதிப் பங்குக் குருக்களையும் ஆயர்களையும் கல்லூரி வரலாற்றுத் துறையினரையும் கேட்டுக்கொள்கிறேன்.